இளைஞனே! உன் சட்டைப் பையில் இருப்பது என்ன?

சென்ற மாதம் தேனாம்பேட்டையில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து, எல்டாம்ஸ் சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையில் சகோதரர்களோடு நின்று கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். சலாம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பேனாவை விடச் சற்றுப் பெரிதான ஒரு கருவியை எடுத்துக் காட்டினார்.

"ஹஜ்ரத், இதுல புகையிலையே கிடையாது. வெறும் ஆவிதான். இது கூடுமா?"

நாம் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்து விட்டது.

"டேங்க் ஒழுகுது. காயிலும் கருகிப் போன வாடை அடிக்குது. எந்த டேங்க் வாங்கினா நல்லது, காயிலை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

மார்க்கத் தீர்ப்பையும் மெக்கானிக் வேலையையும் ஒரே மூச்சில் கேட்ட அந்தத் தம்பியின் மீது நமக்குக் கோபம் வரவில்லை, வேதனைதான் வந்தது. ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை. தன் கையில் இருப்பது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை!

"தம்பி, நீங்க இதுக்கு முன்னாடி சிகரெட் பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டோம்.

"அல்லாஹ்வே! ஒரு நாளும் இல்ல ஹஜ்ரத்" என்றார்.

சகோதரர்களே! இந்தத் தலையங்கம் முழுவதும் அந்த ஒரு பதிலுக்காகத்தான் எழுதப்படுகிறது.

டேங்க் என்பது என்ன?

'கூடாது' என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பி விடலாம். பல பெரியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் காரணம் சொல்லாமல் தடுத்தால் இன்றைய இளைஞன் கேட்க மாட்டான். வீட்டுக்கு வெளியே போய் ஊதுவான். எனவே அந்தக் கருவியைப் பிரித்துப் போட்டே பார்த்து விடுவோம்.

இ-சிகரெட், வேப் என்று அழைக்கப்படும் இந்தக் கருவியை இன்றைய வடிவில் 2003-ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். இதில் மூன்று பாகங்கள். கீழே லித்தியம் பேட்டரி. மேலே திரவம் நிற்கும் சிறு தொட்டி, அதுதான் டேங்க். அதன் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள், அதுதான் காயில். காயிலைச் சுற்றிப் பஞ்சு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அந்தப் பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது. பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்ததும் கம்பி சூடாகிறது. திரவம் மிக நுண்ணிய துளிகளாக மாறி நெஞ்சுக்குள் போகிறது.

இது நீராவி அல்ல. டேங்கில் இருப்பது தண்ணீரும் அல்ல. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு இரசாயனங்கள், வாசனைப் பொருள்கள், அவற்றோடு நிகோடின்! புகையிலை இலை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த இலைக்கு மனிதனை அடிமையாக்கும் நிகோடின் இங்கே பிழிந்தெடுத்து ஊற்றப்பட்டிருக்கிறது. திருடன் சட்டையை மாற்றிக் கொண்டு வந்தால் திருடன் இல்லை என்று ஆகி விடுமா?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். எந்த டேங்க்?

சந்தையில் இரண்டு வகை டேங்குகள். சிகரெட் இழுப்பது போல் வாயில் நிறுத்தி இழுப்பது ஒன்று. அதன் காயிலுக்கு மின்தடை அதிகம். ஒரு ஓம் அல்லது அதற்கு மேல் இருக்கும். மூச்சு விடுவது போல் நேரே நுரையீரலுக்கு இழுப்பது மற்றொன்று. அதன் காயிலுக்கு மின்தடை ஒரு ஓமுக்கும் கீழே. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.7 வோல்ட் பேட்டரியில் ஒரு ஓம் காயில் இருந்தால் 3.7 ஆம்பியர் பாயும். ஏறத்தாழ 14 வாட். அதே பேட்டரியில் 0.2 ஓம் காயிலைப் போட்டால் 18.5 ஆம்பியர், 68 வாட்! மேகம் போல் புகை விட்டு நண்பர்களிடம் பெருமை காட்ட ஆசைப்படும் இளைஞன், ஒரு சிறு வெல்டிங் கம்பியைத்தான் உதட்டில் வைத்துக் கொண்டிருக்கிறான். அத்தனை மின்சாரத்தைத் தாங்காத மலிவான பேட்டரி கையிலோ கால்சட்டைப் பையிலோ வெடிக்கும் அபாயமும் இதில்தான் அதிகம். சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் தனி பேட்டரியைப் போட்டு வைப்பவன் தன் தொடைக்குத் தானே தீ வைத்துக் கொள்கிறான்.

காயில் ஏன் கருகுகிறது?

பஞ்சு முழுமையாக நனைவதற்குள் இழுத்தால் பஞ்சே எரியும். அதனால்தான் புதுக் காயிலில் சில துளிகள் விட்டு ஐந்து, பத்து நிமிடம் ஊற விடச் சொல்கிறார்கள். இனிப்புச் சுவைத் திரவமாக இருந்தால் அந்த இனிப்பு கம்பியின் மேல் பாகு போல் படிந்து கருகும். வெந்நீரில் கழுவினால் மேலே படிந்த பிசுபிசுப்பு கொஞ்சம் போகலாம். கருகிய பஞ்சு மீண்டும் பஞ்சாகாது. ஆகவே ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை காயிலை மாற்ற வேண்டி வருகிறது.

இது வெறும் வாடைப் பிரச்சினை அல்ல, சகோதரர்களே! மிதமிஞ்சிச் சூடாகும்போது இந்தத் திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளாக மாறுகிறது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக அறிவியலாளர்களால் வகைப்படுத்தப்பட்டது. 'கருகிய வாடை' என்று அந்தத் தம்பி சொன்னாரே, அது நெஞ்சு கொடுத்த அபாயச் சங்கு!

"அப்படியானால் காயிலை அடிக்கடி மாற்றினால் ஆபத்து இல்லையே" என்று கேட்கலாம். இதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், தினமும் வேப் பயன்படுத்தும் 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்து 2018-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தில் உலோகங்கள் மிகக் குறைவு. அதே திரவம் டேங்குக்குள் போய்க் காயிலில் பட்டு ஆவியான பிறகு ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் எல்லாம் கூடியிருந்தன. ஏறக்குறைய பாதி மாதிரிகளில் ஈயத்தின் அளவு, அந்நாட்டு அரசு வகுத்த பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருந்தது. இன்னொன்றையும் கண்டார்கள்: அடிக்கடி காயில் மாற்றுகிறவர்களின் கருவிகளில் உலோகம் அதிகமாகவே காணப்பட்டது. பழைய காயில் என்றால் கருகல். புதுக் காயில் என்றால் உலோகம்! எதைத்தான் பராமரிப்பது?

'வெளிநாட்டில் டாக்டரே சொல்கிறாரே!'

நியாயமாகப் பேச வேண்டும். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைத்து விட்டுப் பேசுவது நமக்கு அழகல்ல.

பிரிட்டனில் சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு, அதை விடும் ஒரு வழியாக இந்தக் கருவியை மருத்துவத் துறையே சொல்கிறது என்பது உண்மை. எரியும் சிகரெட்டை விட இதில் தீங்கு குறைவு என்பதே அவர்களின் கணிப்பு. ஆனால் அதே பிரிட்டனில் டேங்கின் கொள்ளளவு 2 மில்லி லிட்டருக்கு மேல் போகக் கூடாது. நிகோடின் பாட்டில் 10 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது. ஒரு மில்லி லிட்டரில் நிகோடின் 20 மில்லி கிராமுக்கு மேல் கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிகளை, சிறுவர்கள் கையில் சேருகிறது என்று கண்டு, 2025 ஜூன் 1 முதல் அவர்களே தடை செய்து விட்டார்கள்.

அங்கே அது பல்லாண்டு புகைத்தவனுக்குச் சொல்லப்படும் ஊன்றுகோல். இங்கே சிகரெட்டையே தொடாத பிள்ளையின் கையில் அது விளையாட்டுப் பொருள். கால் ஒடிந்தவனுக்குக் கட்டை தேவை. நன்றாக ஓடுகிறவன் காலை ஒடித்துக் கொண்டு கட்டை வாங்குவானா?

நம் நாட்டில் இது தடை செய்யப்பட்ட பொருள். எனவே டேங்க் அளவுக்கும் வரம்பு இல்லை; நிகோடின் அளவுக்கும் வரம்பு இல்லை; பாட்டிலில் ஒட்டிய காகிதத்தில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கவும் ஆள் இல்லை. இதன் விலை என்னவென்று அமெரிக்கா கற்றது. 2019-இல் அங்கே திடீரென்று இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்து கள்ளத்தனமாக விற்கப்பட்ட திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளே அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். கடையில் ரசீதோடு வாங்கியவனை விட, 'நண்பனின் நண்பனிடம்' வாங்கியவன்தான் பெரும்பாலும் சிக்கினான்.

தேனாம்பேட்டைத் தம்பியும் நண்பனின் நண்பனிடம்தான் வாங்கியிருக்கிறார்!

இலாபம் யாருக்கு?

வணிகப் பெருமக்களே! உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரேசரை மலிவாகக் கொடுத்து விட்டு, வாழ்நாள் முழுக்க பிளேடில் சம்பாதிக்கும் வித்தைதான் இது. கருவி ஒருமுறை, காயிலும் திரவமும் வாராவாரம். 2018 டிசம்பரில், அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா நிறுவனம், ஜூல் என்ற வேப் நிறுவனத்தின் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலருக்கு வாங்கியது. புகையை ஒழிக்க வந்ததாகச் சொன்ன கருவியில் புகை வியாபாரியே ஏன் இவ்வளவு பணம் போட்டான்? சிந்திக்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018-ஆம் ஆண்டே இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, இணையவழி விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும்.

கடைக்காரர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. இந்தச் சரக்கைத் தன் இடத்தில் வைக்கத் தெரிந்தே அனுமதிப்பதும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நம்ம ஆளுதான் பாய், ரெண்டு நாள் பெட்டி இங்க இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால், பெட்டியில் என்ன என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பிறகு காவல் நிலையத்தில் நிற்பதில்தான் வெட்கம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் புகையிலைப் பொருளையோ போதைப் பொருளையோ கொடுத்தால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

'குருவி'யாகப் பறக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. துபாயில் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள். 2019 முதல் அங்கே அனுமதி உண்டு. அதையே பெட்டியில் வைத்துச் சென்னையில் இறங்கினால் குற்றம். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனையை மேலும் கடுமையாக்கி விட்டார்கள். முதல் முறை பிடிபடும் பெரியவருக்கு 700 வெள்ளி அபராதம். மீண்டும் மீண்டும் பிடிபடும் வெளிநாட்டவரின் வேலை அனுமதி பறிபோகும், நாடு கடத்தப்படலாம், மறுபடி நுழையவும் முடியாது. நகையை அடகு வைத்து அனுப்பிய தாய்க்கு, ஒரு பிளாஸ்டிக் குழலுக்காக வேலையை இழந்து வந்து நிற்கும் மகன் என்ன பதில் சொல்வான்?

அரசுக்கும் ஒரு கேள்வி

தடையை நாம் வரவேற்கிறோம். ஆனால் அரசின் இரட்டை வேடத்தைச் சுட்டிக் காட்டாமல் இருக்க முடியாது. நாட்டில் புகையிலையால் ஆண்டுக்குப் பதின்மூன்று இலட்சம் பேர் வரை இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சிகரெட்டுக்கும் பீடிக்கும் தடை இல்லை. வரி மட்டும் உண்டு. அரசு நிறுவனமான எல்.ஐ.சி., நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருக்கிறது! பொது சுகாதாரத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இயங்கும் டி.எம்.எஸ். வளாகம் இதே தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில்தான் இருக்கிறது. அந்த வளாகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மாணவன் தடை செய்யப்பட்ட கருவியைப் பகிரங்கமாகக் காட்டி, பழுது பார்க்க வழி கேட்கிறான் என்றால் தடை எங்கே இருக்கிறது? காகிதத்திலா? 2013-இல் குட்காவையும்தான் தடுத்தார்கள். கிடைக்காமலா போயிற்று? வாங்கும் சிறுவனைப் பிடித்துக் கணக்குக் காட்டாமல், கொண்டு வந்து இறக்கும் பெரும்புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

அரசைக் கேட்கும்போது நம்மையும் கேட்டுக் கொள்வோம். மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றித்தான் குடும்பம் காத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களின் வறுமை அது. ஆனால் மாற்றுத் தொழில் ஏற்படுத்திக் கொடுக்க வசதி படைத்த நாம் என்ன செய்தோம்? இதே தேனாம்பேட்டையில் 1955-ஆம் ஆண்டு நீதிபதி பஷீர் அகமது சையீது அவர்கள் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியை எழுப்பினார்கள். அந்தத் தலைமுறை சமுதாயத்தின் பணத்தைக் கல்வியில் போட்டது. இந்தத் தலைமுறையின் பணம் காயிலில் கருகிப் போகலாமா?

என்ன செய்ய வேண்டும்?

உடலுக்குக் கேடு என்று தெரிந்த பின்னும் அதைச் செய்வது கூடாது. வீண் செலவும் கூடாது. இதற்கு மேல் தீர்ப்பு விளக்கம் தேவையில்லை. தேவைப்படுவது உதவி.

இளைஞர்களே! எந்த டேங்க் நல்லது என்ற கேள்விக்கு எந்த டேங்கும் வேண்டாம் என்பதே நமது பதில். ஏற்கனவே பழகி விட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். நிகோடினை விடும்போது முதல் சில நாள்கள் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வரும். அது நோயல்ல, விடுபடுவதன் அடையாளம். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் புகையிலைப் பழக்கத்தை விட ஆலோசனை கிடைக்கும். நிகோடின் மெல்லும் கம் போன்ற மருந்துகளும் உண்டு. மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

பெற்றோர்களே! வீட்டில் இந்தத் திரவம் இருந்தால் சிறு குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. சில மில்லி லிட்டர் உள்ளே போனாலும் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பிள்ளையின் அறையில் பழ வாசனை வந்தால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேட்டரியைக் குப்பையில் வீசாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை அள்ளும் ஏழைத் தொழிலாளியின் கையில் அது வெடிக்கக் கூடாது.

வணிகர்களே! உங்கள் கடையில் விற்காதீர்கள். கிடங்கில் வைக்க விடாதீர்கள். கடைப் பையன் மூலம் நடந்தாலும் பொறுப்பு உங்களுடையதே.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஆண்டுக்கு ஒருமுறை போதை ஒழிப்புத் தீர்மானம் போடுவதோடு நிற்காமல், மஹல்லாவில் ஒரு மருத்துவரை அழைத்து வந்து இளைஞர்களோடு பேச வையுங்கள். மேடை போட்டு அல்ல. தரையில் வட்டமாக உட்கார்ந்து.

அன்று டீக்கடையில் அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். அவர் கருவியை நம் கையில் கொடுத்து விட்டுப் போனார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. மீண்டும் சட்டைப் பையில்தான் வைத்துக் கொண்டார். "யோசிக்கிறேன் ஹஜ்ரத்" என்றார். உதவி எண்ணை மட்டும் கைப்பேசியில் குறித்துக் கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம்மைத் தேடி வந்தார். "மூணு நாளா தொடல. தலை வலிக்குது" என்றார். அன்று மாலை வரை அவரோடுதான் இருந்தோம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தம்பி இருக்கிறார். அவர் தலைவலியோடு வரும்போது பக்கத்தில் இருக்கப் போவது நீங்களா, அவருக்குப் புதுக் காயில் விற்பவனா?